கொள்ளளவு, உள்ளளவு, சொன்ன அளவு: வலைப்பின்னல் நிரலில் நினைவகம் ஒதுக்குவது எப்படி?

வலைப்பின்னல் நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்கள் நினைவக ஒதுக்கீடு பற்றிக் கேட்டால் இரண்டு அறிவுரைகள் உடனே கிடைக்கும். "பஃபரைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்பது ஒன்று. "மாலாக் போட்ட இடத்துக்கெல்லாம் ஃப்ரீ போட மறக்காதீர்கள்" என்பது மற்றொன்று. (பஃபர் என்பது தரவுக்காக ஒதுக்கும் இடம்; மாலாக் இடத்தைக் கேட்டு வாங்கும், ஃப்ரீ அதைத் திருப்பிக் கொடுக்கும்.) இரண்டும் சரிதான். ஆனால் இவற்றை மட்டும் நம்பி எழுதிய நிரல், சொந்தக் கணினியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, இணையத்துக்குத் திறந்துவிட்ட பிறகு காரணம் தெரியாமல் விழும். இன்னும் மோசமாக, விழாமலேயே அடுத்தவர் ரகசியத்தை வெளியே கொட்டும்.

ஒரு கோப்பைப் படித்துக் கூட்டல் கழித்தல் செய்யும் நிரலுக்கு, எவ்வளவு தரவு வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரியாவிட்டாலும் கோப்பின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வலைப்பின்னலில் அந்த வசதி கிடையாது. எவ்வளவு அனுப்புவது, எப்போது அனுப்புவது, அனுப்பியதாகச் சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பது எல்லாம் மறுமுனையின் கையில் இருக்கின்றன. இடம் ஒதுக்கும் பொறுப்பு மட்டும் நம்மிடம் இருக்கிறது. இந்தத் துறையின் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஒரே எண் போலத் தோன்றும் மூன்று எண்களைக் குழப்பிக்கொள்வதால் வருகின்றன. அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதியைப் புரிந்துகொள்வது எளிது.

தூக்குவாளியும் சாம்பாரும்

வீட்டுக்குத் திடீரென்று விருந்தினர் வந்துவிட்டார்கள். ஓட்டலில் சாம்பார் வாங்கிவரத் தூக்குவாளியோடு போகிறோம். வாளி இரண்டு லிட்டர் பிடிக்கும். கடையில் ஊற்றியது முக்கால் லிட்டர். பில்லிலோ ஒரு லிட்டர் என்று இருக்கிறது.

வாளி எவ்வளவு பிடிக்கும் என்பது கொள்ளளவு. இப்போது அதில் இருப்பது உள்ளளவு. பில்லில் எழுதியிருப்பது சொன்ன அளவு. ஊற்றுபவர் கொள்ளளவைப் பார்த்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வழியும். பரிமாறுபவர் உள்ளளவைப் பார்த்துப் பரிமாற வேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஆளுக்குக் கிடைக்காது. பில்லில் இருக்கும் எண்ணை, வாளியைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கும்வரை நம்பக்கூடாது. வாளி கடைக்காரருடையது என்றால், வேலை முடிந்ததும் அதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கணினிக்கு வருவோம். நினைவகம் என்பது பைட் எனப்படும் சிறு அறைகளின் நீண்ட வரிசை. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. "இத்தனை அறைகள் எனக்கு வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்காதே" என்று கேட்டுப் பெறுவதே ஒதுக்கீடு. சி மொழியில் இதைச் செய்யும் செயற்கூறு (ஃபங்க்ஷன்) மாலாக். அது முதல் அறையின் எண்ணைத் திருப்பித் தரும். அப்படி ஓர் அறையின் எண்ணை வைத்திருக்கும் மாறிக்குச் சுட்டு என்று பெயர். தரவு வந்து சேரவோ கிளம்பவோ காத்திருக்கும்படி ஒதுக்கிய இடம் பஃபர். தொடர்புள்ள பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைத்தால் அது கட்டமைப்பு.

தொடக்கநிலையாளர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுட்டுக்கு அறை எண் மட்டும்தான் தெரியும். அங்கிருந்து எத்தனை அறைகள் நமக்குச் சொந்தம் என்பது அதற்குத் தெரியாது. சி மொழியில் கொள்ளளவை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் நிரலர்தான். உள்ளளவும் அப்படியே.

கட்டமைப்புக்கு இடம் கிடைத்தது, அதன் உள்ளடக்கத்துக்கு?

இந்த இரண்டு எண்களையும் கண்ணுக்குத் தெரியும்படி பிரித்துவைத்த ஒரு பழைய வடிவமைப்பு இருக்கிறது. கற்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை என்பது என் எண்ணம். 1986இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் இயக்குதளத்தின் மூன்றாம் வெளியீட்டோடு டிஎல்ஐ என்ற இடைமுகம் வந்தது. டிரான்ஸ்போர்ட் லேயர் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம் இது. போக்குவரத்து அடுக்கு என்பது, ஒரு கணினியில் ஓடும் நிரலிலிருந்து இன்னொரு கணினியில் ஓடும் நிரலுக்குத் தரவைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் அடுக்கு. டிசிபி, யுடிபி இரண்டும் அந்த அடுக்கின் நெறிமுறைகள், அதாவது இரு முனைகளும் பேசிக்கொள்வதற்கான விதிகள்.

டிஎல்ஐயின் அடிப்படைக் கட்டமைப்பின் பெயர் நெட்பஃப். அதில் மூன்றே மூன்று உறுப்புகள்: மேக்ஸ்லென், லென், பஃப். மேக்ஸ்லென் கொள்ளளவு, லென் உள்ளளவு, பஃப், தரவு இருக்கும் இடத்துக்கான சுட்டு. தரவைப் பெறும்போது நாம் மேக்ஸ்லென்னை நிரப்பிக் கொடுக்கிறோம், அமைப்பு லென்னை நிரப்பித் தருகிறது. அனுப்பும்போது லென்னை நாம் நிரப்புகிறோம்.

இனி ஓர் இணைப்புக் கோரிக்கையைக் குறிக்கும் டி-கால் என்ற கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதற்குள் முகவரிக்கு ஒன்று, விருப்பத்தேர்வுகளுக்கு ஒன்று, கூடவே வரும் பயனர் தரவுக்கு ஒன்று என மூன்று நெட்பஃப்கள் இருக்கின்றன. வரிசை எண் ஒன்றும் உண்டு. புதிதாக எழுதுபவர் "டி-கால் அளவுக்கு மாலாக்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று நினைப்பார். உண்மையில் கிடைத்திருப்பது மூன்று சுட்டுகளுக்கான இடம். அவை சுட்ட வேண்டிய பஃபர்களுக்கு இன்னும் எதுவும் ஒதுக்கவில்லை. அந்தச் சுட்டுகளுக்குள் பழைய குப்பை எண்கள் கிடக்கும். அமைப்பு அந்த எண்ணை நம்பி, யாருக்கோ சொந்தமான அறைகளில் முகவரியை எழுதும்.

இதைத் தவிர்க்க டிஎல்ஐ ஒரு செயற்கூற்றைத் தந்தது: டி-அலாக். எந்த இணைப்பு முனைக்காக, எந்தக் கட்டமைப்பு, அதன் எந்தெந்த பஃபர்கள் என்று மூன்று விவரங்களைக் கொடுத்தால், கட்டமைப்பையும் உள் பஃபர்களையும் சேர்த்து ஒதுக்கி, ஒவ்வொரு மேக்ஸ்லென்னையும் சரியாக நிரப்பித் தரும்.

இணைப்பு முனையை ஏன் கேட்கிறது? முகவரி எவ்வளவு நீளம் என்பது நெறிமுறைக்கு நெறிமுறை மாறும். இணைய நெறிமுறையின் முகவரி ஓர் அளவு; அக்காலத்தில் போட்டியிலிருந்த ஓஎஸ்ஐ நெறிமுறைகளின் முகவரி வேறோர் அளவு. டி-அலாக் அந்த முனையின் பின்னாலிருக்கும் நெறிமுறையிடம் "உன் முகவரி அதிகபட்சம் எத்தனை பைட்?" என்று கேட்டு, அதன்படி ஒதுக்குகிறது. நிரலர் ஒரு எண்ணைக்கூடத் தன் நிரலில் நேராக எழுத வேண்டியதில்லை. அளவை ஊகிக்காமல், அது தெரிந்த இடத்தில் போய்க் கேட்பது என்ற இந்தப் பழக்கத்தை இன்றைய நிரலர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேர்மையான இன்னொரு குணமும் டி-அலாக்குக்கு உண்டு. ஏதாவது ஓர் அளவுக்கு "வரம்பே இல்லை" என்று நெறிமுறை பதில் சொன்னால், டி-அலாக் தானாக ஓர் எண்ணைக் கற்பனை செய்து ஒதுக்காது. பிழை தந்து விலகிவிடும். வரம்பில்லாததற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க முடியாது என்பதை அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. அதேபோல், பெற வேண்டிய தரவு மேக்ஸ்லென்னைவிடப் பெரிதாக இருந்தால் பஃபர் போதவில்லை என்ற பிழை வரும். தரவு அறைகளைத் தாண்டி வழியாது.

சந்தையில் டிஎல்ஐ வெற்றி பெறவில்லை. 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த சாக்கெட் முறை உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் நெட்பஃப் மறையவில்லை. என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வின் பின்னால் இருக்கும் தொலைநிலை அழைப்பு நூலகத்தில், லினக்ஸ் கணினிகளிலும்கூட, அதே மூன்று உறுப்புகளோடு இன்றும் இருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கட்டமைப்புக்கு ஒதுக்குவது ஒரு வேலை, அதன் சுட்டுகள் சுட்டும் பஃபர்களுக்கு ஒதுக்குவது இன்னொரு வேலை. ஒவ்வொரு பஃபருக்கும் கொள்ளளவு, உள்ளளவு என இரண்டு எண்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சாக்கெட்டில் இரண்டு எண்ணும் ஒரே மாறியில்

சாக்கெட் என்பது நிரலுக்கும் வலைப்பின்னலுக்கும் நடுவே இயக்குதளம் திறந்துவிடும் வாசல். புதிய இணைப்பை ஏற்கும் அக்செப்ட் என்ற அழைப்பு, எதிர்முனையின் முகவரியையும் தரும். அதற்கு ஒரு கட்டமைப்பையும் ஒரு நீள மாறியையும் கொடுக்கிறோம். அழைக்கும்போது அந்த மாறியில் கொள்ளளவு இருக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே மாறியில் முகவரியின் உண்மையான நீளம் இருக்கும். நெட்பஃபில் இரண்டு மாறிகளில் இருந்தவை இங்கே ஒரே மாறியில் முன்னும் பின்னுமாக வருகின்றன.

இதனால் வரும் தவறு மிகவும் பழக்கமானது. நீள மாறிக்கு மதிப்பு கொடுக்கும் வரி, சுழற்சிக்கு (லூப்) வெளியே ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். முதல் இணைப்பு வந்ததும் கொள்ளளவு அழிந்து, அதன் இடத்தில் முதல் முகவரியின் நீளம் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது சுற்றில் அதையே கொள்ளளவு என்று அமைப்பு எடுத்துக்கொள்ளும். எல்லா முகவரிகளும் ஒரே நீளத்தில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நீளம் மாறக்கூடிய வகை சாக்கெட்டில், சிறிய முகவரிக்குப் பின் பெரிய முகவரி வந்தால் அது பாதியில் துண்டிக்கப்படும். துண்டித்த பிறகும் லினக்ஸ் நீள மாறியில் முழு நீளத்தைத்தான் எழுதும். அந்த நீளத்தை நம்பி நிரல் படித்தால், நிரப்பப்படாத அறைகளையும் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். தீர்வு ஒரு வரிதான்: நீள மாறியைச் சுழற்சிக்குள்ளே, ஒவ்வொரு அக்செப்ட்டுக்கும் முன்னால், புதிதாக நிரப்புங்கள்.

இன்னொரு பழைய வழக்கம், இணைய நெறிமுறையின் பழைய பதிப்பான ஐபிவி4இன் முகவரிக்கான 16 பைட் கட்டமைப்பையே எங்கும் பயன்படுத்துவது. புதிய பதிப்பான ஐபிவி6க்கு 28 பைட் தேவை. எந்த வகை முகவரி வந்தாலும் இடம் போதும்படி சாக்அட்ரு-ஸ்டோரேஜ் என்ற கட்டமைப்பை இதற்காகவே பின்னாளில் சேர்த்தார்கள். லினக்ஸில் அது 128 பைட். நூறு பைட்டை மிச்சம் பிடிப்பதற்காக அதைத் தவிர்ப்பவர்களைப் பார்க்கிறேன். அந்தச் சிக்கனம் தேவையற்றது.

டிசிபியில் "ஒரு செய்தி" என்று எதுவும் இல்லை

யுடிபியில் அனுப்பியவர் ஒரு துண்டாக அனுப்பினால் பெறுபவருக்கும் ஒரே துண்டாக வரும். ஐபிவி4இல் அந்தத் துண்டுக்குள் அதிகபட்சம் 65,507 பைட் தரவு இருக்கலாம். நம் பஃபர் அதைவிடச் சிறிதாக இருந்தால் மிஞ்சிய பகுதி தூக்கியெறியப்படும். அடுத்த முறை கேட்டாலும் கிடைக்காது.

டிசிபி அப்படி நடந்துகொள்வதில்லை. அது பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும். எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. 3000 பைட்டை ஒரே சென்ட் அழைப்பில் அனுப்பினாலும், மறுமுனையின் ரெசீவ் அழைப்புகளுக்கு 1460, 1460, 80 என்று வரலாம், மொத்தமாகவும் வரலாம், அடுத்த செய்தியின் தலைப்பகுதியோடு ஒட்டிக்கொண்டும் வரலாம். "நான் 3000 பைட் பஃபர் கொடுத்தேன், ஆகவே 3000 வந்திருக்கும்" என்று எழுதுவது, கொள்ளளவை உள்ளளவு என்று எடுத்துக்கொள்வதுதான். ரெசீவ் திருப்பித் தரும் எண்ணே உள்ளளவு. அதைப் பார்க்காமல் பஃபரைத் தொடக்கூடாது.

செய்தியின் எல்லையை அறிய நிரலர்கள் பொதுவாக ஒரு வழியைக் கையாள்கிறார்கள்: ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி அனுப்புவது. பெறுபவர் முதலில் 4 பைட்டைப் படிப்பார்; அந்த எண் அளவுக்கு இடம் ஒதுக்குவார்; அவ்வளவு பைட் சேரும்வரை ரெசீவைத் திரும்பத் திரும்ப அழைப்பார். இங்கேதான் மூன்றாவது எண் நுழைகிறது. அந்த 4 பைட் எண் சொன்ன அளவு. முன்பின் தெரியாத ஒருவர் சொன்னது.

4 பைட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஒருவர் அதை அனுப்பிவிட்டு வேறெதையும் அனுப்பாமல் இருந்தால் என்ன ஆகும்? கவனமில்லாத நிரல் ஏறக்குறைய நான்கு ஜிபி இடம் கேட்கும். நான்கு பைட் செலவில் நம் கணினியைத் திணறவைக்க முடிகிறது. பத்து இணைப்புகளில் இதையே செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அதைவிட நுட்பமான ஆபத்து கூட்டலில் இருக்கிறது. செய்தியின் முடிவில் பூஜ்யம் ஒன்று சேர்க்க வேண்டும் என்பதற்காக, பலர் "நீளம் கூட்டல் 1" அளவுக்கு ஒதுக்குவார்கள். 32 பிட் மாறியில் 4,294,967,295உடன் 1 கூட்டினால் விடை 0. நிரல் பூஜ்ய அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, வரும் பைட்டுகளையெல்லாம் அதற்குள் எழுதத் தொடங்கும். நான்கு ஜிபி கேட்டுத் தோற்றிருந்தாலாவது நிரல் நின்றிருக்கும். இங்கே ஒதுக்கீடு "வெற்றி" பெற்று, அருகிலுள்ள தரவெல்லாம் அழிகிறது.

ஆகவே வரிசை முக்கியம். நீளத்தைப் படித்தவுடன், நம் பயன்பாட்டுக்கு நியாயமான உச்சவரம்போடு ஒப்பிட வேண்டும். அரட்டைச் செய்திக்கு 64 கேபி போதும் என்றால் அதற்கு மேல் சொல்பவரின் இணைப்பை மூடிவிடலாம். ஒப்பிட்ட பிறகே கூட்டல், அதற்குப் பிறகே ஒதுக்கீடு. பெரிய கோப்புகளை ஏற்க வேண்டியிருந்தால், சொன்ன அளவு முழுவதற்கும் ஒரேயடியாக இடம் பிடிக்காமல், சிறு பஃபரில் வாங்கி வட்டில் எழுதிக்கொண்டே போகலாம். அப்போது செலவாகும் நினைவகம் வந்த தரவைப் பொறுத்ததாக இருக்கும்.

ஹார்ட்பிளீட்: இடம் சரியாக ஒதுக்கப்பட்டிருந்தும் நேர்ந்த விபத்து

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரியவந்த ஹார்ட்பிளீட் குறைபாட்டைப் பற்றிப் பலரும் "பஃபர் நிரம்பி வழிந்தது" என்று பேசுகிறார்கள். நடந்தது அது இல்லை. இணைய வங்கி முதல் மின்னஞ்சல் வரை மறையாக்கத்துக்குப் பயன்பட்ட ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 வரிசைப் பதிப்புகளில் இருந்தது அந்தக் குறை.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க, ஹார்ட்பீட் என்ற சிறு செய்தியை ஒரு முனை அனுப்பலாம். அதில் வகையைச் சொல்ல 1 பைட், சரக்கின் நீளத்தைச் சொல்ல 2 பைட், பிறகு சரக்கு, கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பு. மறுமுனை அதே சரக்கை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். தாக்குபவர் ஒரே ஒரு பைட் சரக்கை வைத்துவிட்டு, நீளம் 65,535 என்று எழுதி அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் பதிலுக்காக 1 + 2 + 65,535 + 16 பைட் ஒதுக்கியது. கணக்கு சரி, பதில் அந்த இடத்துக்குள் அடங்கியது, எதுவும் வழியவில்லை.

பிழை நகலெடுத்தபோது நிகழ்ந்தது. வந்த செய்தியிலிருந்து 65,535 பைட்டை நகலெடுக்கும்படி நிரல் சொன்னது. வந்ததோ ஒரு பைட். நகலெடுக்கும் செயற்கூறு அந்த ஒரு பைட்டைத் தாண்டி, அடுத்தடுத்த அறைகளில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. அந்த அறைகளில் இன்னொருவரின் கடவுச்சொல் இருக்கலாம். சர்வரின் மறைச்சாவியே இருக்கலாம். அவற்றை மறையாக்கத்தோடு பத்திரமாகத் தாக்குபவரிடம் சேர்த்தது அதே நூலகம்.

பெரிய வாளி இருந்தது. ஆனால் ஊற்றியதை அளந்து பார்க்காமல் பில்லைப் பார்த்தே பரிமாறிவிட்டார்கள். திருத்தமாகச் சேர்க்கப்பட்டதும் அந்தச் சரிபார்ப்புதான்: சொன்ன சரக்கின் நீளத்தோடு மற்ற பகுதிகளைக் கூட்டிப் பார்த்து, அது உண்மையில் வந்த பதிவின் நீளத்தைவிட அதிகமாக இருந்தால் செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கியெறி. சொன்ன அளவை உள்ளளவோடு ஒப்பிடும் ஒரு நிபந்தனை இல்லாததால், உலகம் முழுவதும் சர்வர்களின் சான்றிதழ்களை மாற்ற வேண்டி வந்தது.

வாங்கியதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

ஒதுக்கிய இடத்தை விடுவிக்க மறந்தால், நீண்டநேரம் ஓடும் சர்வரின் நினைவகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். இதை எல்லோரும் அறிவார்கள். எப்படி விடுவிப்பது என்பதில்தான் குழப்பம்.

டி-அலாக் தந்ததை டி-ஃப்ரீயிடமே கொடுக்க வேண்டும். சாதாரண ஃப்ரீயிடம் கொடுத்தால் மேற்கட்டமைப்பு மட்டும் விடுபட்டு உள் பஃபர்கள் அநாதையாக நின்றுவிடும். சாக்கெட் உலகில் இதற்கு இணை கெட்-அட்ரு-இன்ஃபோ. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால், அதற்குரிய முகவரிகளைச் சங்கிலிப் பட்டியலாக ஒதுக்கித் தரும். ஒரே பெயருக்கு ஐபிவி4, ஐபிவி6 என்று பல முகவரிகள் இருக்கலாம் என்பதால் எத்தனை கண்ணிகள் வரும் என்று அழைப்பவருக்குத் தெரியாது. முழுச் சங்கிலியையும் விடுவிக்க ஃப்ரீ-அட்ரு-இன்ஃபோ என்ற தனிச் செயற்கூறு இருக்கிறது.

விடுவிக்கவே கூடாத மூன்றாவது வகையும் உண்டு. ஐபிவி4 முகவரியை 192.168.1.5 போன்ற எழுத்து வடிவில் தரும் ஐநெட்-என்டோஏ என்ற பழைய செயற்கூறு, தன்னிடம் நிரந்தரமாக இருக்கும் ஒரே பஃபரில் எழுதி அதன் சுட்டைத் தருகிறது. அடுத்த அழைப்பு அதே இடத்தில் மேலெழுதும். அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரியையும் ஒரே பிரின்ட்எஃப் வரியில் அச்சிட்டுப் பாருங்கள். ஒரே முகவரி இரண்டு முறை வரும். வலைப்பின்னல் பழுது என்று நினைத்து நாள் முழுவதும் கேபிளைச் சோதிக்கவைக்கும் வகைத் தவறு இது. பின்னால் வந்த ஐநெட்-என்டோபி, பஃபரையும் அதன் கொள்ளளவையும் அழைப்பவரிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. எனவே அதில் இந்தக் குழப்பம் இல்லை.

புதிய செயற்கூறு ஒன்றைப் பயன்படுத்தும் முன் அதன் கையேட்டுப் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: இடம் யாருடையது, எதைக் கொண்டு விடுவிக்க வேண்டும்.

கெர்னல் தன் பங்குக்கு ஒதுக்குவது

நாம் ரெசீவுக்குக் கொடுக்கும் பஃபர் நம் நிரலுக்குள் இருக்கிறது. இயக்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல், ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனியாக இரண்டு பஃபர்களை வைத்திருக்கிறது: வந்த தரவுக்கு ஒன்று, போக வேண்டிய தரவுக்கு ஒன்று. சென்ட் அழைப்பு வெற்றியோடு திரும்பினால், தரவு கெர்னலின் பஃபருக்கு நகலாகிவிட்டது என்று மட்டுமே பொருள். மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. மறுமுனை பெற்றதாக ஒப்புகை அனுப்பும்வரை கெர்னல் அந்த நகலை வைத்திருக்கும். வழியில் தொலைந்தால் திரும்ப அனுப்ப வேண்டுமே!

இந்த பஃபரின் அளவு வேகத்தையும் பாதிக்கிறது. வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு, போய்வர 200 மில்லிவினாடி ஆகும் தொலைவு என்று கொள்வோம். முதல் ஒப்புகை திரும்பி வருவதற்குள் 20 மெகாபிட், அதாவது இரண்டரை மெகாபைட் தரவை அனுப்பிவிடலாம். பெறும் முனையின் பஃபர் 64 கேபி மட்டும் என்றால், அனுப்புபவர் 64 கேபி அனுப்பிவிட்டு ஒப்புகைக்காகக் காத்திருப்பார். 100 மெகாபிட் இணைப்பில் 2.6 மெகாபிட்தான் கிடைக்கும்.

அப்படியானால் பெரிய எண்ணை நாமே நிர்ணயித்துவிடலாமே என்று தோன்றும். லினக்ஸில் இதற்கு எஸ்ஓ-ஆர்சிவிபஃப் என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் அதைத் தொட்டவுடன், தேவைக்கேற்பத் தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் கெர்னலின் வசதி அந்தச் சாக்கெட்டுக்கு நின்றுவிடும். நாம் கேட்ட எண்ணைக் கெர்னல் இரட்டிப்பாக்கியும் வைத்துக்கொள்ளும். கூடுதல் இடம் அதன் உள்கணக்குக்கு. திரும்பக் கேட்டால் இரட்டிப்பான எண்ணே வரும். இதைப் பிழை என்று நினைத்துக் குழம்பத் தேவையில்லை. பத்தாயிரம் இணைப்புகளை ஏற்கும் சர்வரில் ஒவ்வொன்றுக்கும் 4 எம்பி என்று பிடிவாதம் பிடித்தால், எல்லாம் நிரம்பும் நாளில் 40 ஜிபி தேவைப்படும். அளந்து பார்த்து அவசியம் தெரிந்தால் ஒழிய, இந்த எண்ணைக் கெர்னலிடமே விட்டுவிடுங்கள் என்பதே என் பரிந்துரை.

சுருக்கமாக, நம் நிரலின் பஃபர் வேறு, கெர்னலின் பஃபர் வேறு. முதலாவதை நாம் ஆள்கிறோம். இரண்டாவதில் பெரும்பாலும் தலையிடத் தேவையில்லை.

யார் என்றே தெரியாதவருக்கு இடம் ஒதுக்குவது

கெர்னலும் அந்நியரின் சொல்லை நம்பி ஏமாந்த காலம் உண்டு. டிசிபி இணைப்பு மூன்று படிகளில் உருவாகிறது. வருபவர் "இணையட்டுமா?" என்று சின் என்ற செய்தியை அனுப்புகிறார், சர்வர் ஒப்புக்கொண்டு பதில் அனுப்புகிறது, வருபவர் அதற்கு ஒப்புகை தருகிறார். முதல் படியிலேயே, பாதி திறந்த இணைப்பு என்று ஒரு கட்டமைப்பை ஒதுக்கி வரிசையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் படிக்காகச் சர்வர் காத்திருந்தது.

1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர்கள்மீது இதைப் பயன்படுத்தித் தாக்கினார்கள். போலி முகவரிகளிலிருந்து சின் செய்திகளாக அனுப்பினால், சர்வரின் பதில் எங்கோ போய்விடும். மூன்றாம் படி வரவே வராது. காத்திருக்கும் வரிசை நிரம்பி, உண்மையான வாடிக்கையாளர்களுக்கு இடமில்லாமல் போனது. வரிசையைப் பெரிதாக்குவது தற்காலிக நிவாரணம்தான். தாக்குபவர் இன்னும் கொஞ்சம் அதிகமாக அனுப்பினால் போதும்.

அதே மாதம் டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் வேறு வழியை முன்வைத்தார். முதல் படியில் சர்வர் எதையுமே ஒதுக்காது. இரு முனைகளின் முகவரி, வாயில் (போர்ட்) எண்கள், நேரம், தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு ரகசியம் ஆகியவற்றைக் கலந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, பதிலில் எப்படியும் அனுப்ப வேண்டிய 32 பிட் தொடக்க வரிசை எண்ணாக அதையே அனுப்பும். வருபவர் உண்மையானவர் என்றால் ஒப்புகையில் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டித் திருப்பி அனுப்புவார். சர்வர் மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்த்து, பொருந்தினால் அப்போதுதான் இணைப்புக்கான இடத்தை ஒதுக்கும். சின் குக்கி என்று இதற்குப் பெயர்.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. 32 பிட்டுக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியாது. வருபவர் முதல் படியில் சொன்ன சில விருப்பத்தேர்வுகள், முக்கியமாக 64 கேபிக்கு மேல் பஃபரை அறிவிக்க உதவும் சாளரப் பெருக்கம், அதில் இடம்பெறாது. வருபவர் நேரமுத்திரை வசதியையும் பயன்படுத்தினால்தான் லினக்ஸால் அவற்றை அந்த முத்திரைக்குள் பொதிந்து மீட்க முடிகிறது. அதனால் லினக்ஸ் தன் வழக்கமான அமைப்பில் எல்லா நேரமும் சின் குக்கியைப் பயன்படுத்துவதில்லை. வரிசையில் இடம் இருக்கும்வரை பழைய முறையிலேயே ஒதுக்குகிறது. வரிசை நிரம்பி வழியத் தொடங்கும்போதுதான் குக்கிக்கு மாறுகிறது.